பெண் கடல் ஆடும் மாதம்

பாம்பன்,
5 ஜனவரி 2026

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. வாடைக்காற்று பிடித்துக்கொண்டால் எனக்கு முழங்கால் மடங்குவதில்லை. முழங்கால் மடங்காவிட்டால் பேனாவும் ஓடுவதில்லை. இது மருத்துவருக்குப் புரியாது, உனக்குப் புரியும். இன்று காற்று கொஞ்சம் விட்டிருக்கிறது. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் நீ கேட்டதற்கு வருகிறேன். உன் மருமகள் கைப்பேசியில் பார்த்துப் பயந்த அந்த வீடியோ எனக்கும் வந்தது. தரைதட்டிச் சாய்ந்து கிடக்கும் இரண்டு வள்ளங்கள், பின்னால் வயிற்றைக் கலக்கும் இசை, பாம்பனில் கடல் உள்வாங்கியது, மக்கள் பீதி என்று சிவப்பு எழுத்து. எந்த வருடம் எடுத்தது என்பதற்கு அதில் ஒரு தடயமும் இல்லை. பீதியடைந்த மக்களில் ஒருவரையாவது காட்டியிருக்கலாம். தை அமாவாசைக்குப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டிருக்கிறாய். வா. எந்தக் கரையில் இறங்குவது, எந்தப் பக்கம் படகில் ஏறுவது என்பதை மட்டும் என்னிடம் விட்டுவிடு.

கடல் உள்வாங்குவது பொய் இல்லை. நேற்றுக் காலை நானே தீவின் தென்பக்கம் உள்ள சின்னப்பாலம் கரைக்குப் போய்ப் பார்த்தேன். வழக்கமாகத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு, அன்றைய தண்ணீர் விளிம்பு வரை எண்ணிக்கொண்டே நடந்தேன். நூற்றிப்பத்துத் தப்படி. கடல்தாழை என்னும் கடற்புல் எல்லாம் ஒரே திசையில், எண்ணெய் வைத்துச் சீவிய தலைபோலப் படுத்துக் கிடந்தது. வள்ளங்கள் நங்கூரக் கயிறு தளர்ந்து ஒருக்களித்திருந்தன. பள்ளங்களில் சிக்கிய தண்ணீரில் விரல்நீள மீன்குஞ்சுகள் வெளியேற வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்க, கொக்குகளுக்கு விருந்து. பிற்பகலில் மறுபடியும் போனேன். என் குச்சி முழங்கால் தண்ணீரில் நின்றது. அந்தக் காட்சியை யாரும் வீடியோ எடுப்பதில்லை.

நூற்றிப்பத்துத் தப்படி என்றதும் கடல் ஏதோ பாதாளத்துக்குப் போய்விட்டதுபோலத் தோன்றும். உண்மையில் தண்ணீர் இறங்கியது ஒரு முழத்துக்கும் குறைவுதான். நம் கரை தட்டையான கரை. தட்டில் ஊற்றிய ரசம்போல, ஒரு விரற்கடை குறைந்தாலும் விளிம்பு வெகுதூரம் விலகிவிடும். இந்தியாவிலேயே ஓதம், அதாவது கடலின் ஏற்ற இறக்கம், குறைவாக உள்ள இடங்களில் நம்முடையதும் ஒன்று. பாக் நீரிணையில் அமாவாசை, பௌர்ணமிக்குக்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் வித்தியாசம் வருவதில்லை. குஜராத்தில் பாவ்நகர் பக்கம் பத்து மீட்டர் ஏறி இறங்குகிறது. அங்கே உள்ளவர்கள் நம்முடைய வீடியோவைப் பார்த்தால் சிரிப்பார்கள்.

சரி, நேற்று மட்டும் ஏன் இத்தனை? மூன்று கணக்குகள் ஒரே நாளில் கூடிவிட்டன. முந்தாநாள், சனிக்கிழமை, மார்கழித் திருவாதிரைப் பௌர்ணமி. இந்த முறை நிலவு பூமிக்கு மிக அருகே வந்தது ஜனவரி முதல் தேதி, பௌர்ணமிக்கு இரண்டே நாள் முன்னால். பூமி சூரியனுக்கு மிக அருகே வருவதும் ஆண்டுதோறும் ஜனவரி முதல் வாரத்தில்தான். இந்த ஆண்டு அதுவும் அதே 3ஆம் தேதி. இழுக்கிற இருவரும் அருகில் நின்று ஒரே கோட்டில் இழுத்தால் ஏற்றமும் கூடும், வற்றமும் கூடும். பௌர்ணமி அன்றைவிட அதற்கு அடுத்த ஓரிரு நாளில்தான் அது உச்சத்துக்குப் போகும். இரண்டாவது, காற்று. வாடை நிலத்திலிருந்து தென்கடலை நோக்கி அடிக்கும்போது சின்னப்பாலம், குந்துகால் பக்கத்துத் தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போகிறது. மூன்றாவதைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை: கடலின் மட்டமே ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. கிழக்குக் கரையில் ஐப்பசி, கார்த்திகையில் மட்டம் உயர்ந்து நிற்கும்; கார்த்திகை கழிந்ததும் இறங்கத் தொடங்கி மாசி, பங்குனியில் அடிமட்டத்துக்கு வரும். அதனால்தான் ஐப்பசிப் பௌர்ணமியின் வற்றத்தைவிட மாசிப் பௌர்ணமியின் வற்றம் தூரம் போகிறது. நம் கரையில் ஓதமே சின்னது என்பதால், காற்றும் பருவமும் சேர்ந்தால் நிலவையே மிஞ்சிவிடும்.

இதையெல்லாம் படிக்காமலே தெரிந்துவைத்திருப்பவர்கள் கடற்பாசி எடுக்கும் பெண்கள். நேற்றும் வந்திருந்தார்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு. மரிக்கொழுந்துப் பாசியை மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் எடுப்பது என்று அவர்களே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்; அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். ஒரு அம்மாவிடம், "நாளைக்கு எத்தனை மணிக்கு வற்றும்?" என்று கேட்டேன். "இன்றைக்கு வற்றிய நேரத்தோடு இரண்டு நாழிகை கூட்டிக்கொள்ளுங்கள்" என்றார். இரண்டு நாழிகை என்றால் நாற்பத்தெட்டு நிமிடம். அச்சிட்ட ஓத அட்டவணையிலும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம்தான் தள்ளிப்போகிறது. முப்பது வருடம் புவியியல் நடத்திய நான் நாழிகைக் கணக்கில் அதை ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. வெட்கமாக இருந்தது.

சுனாமியைப் பற்றி உன் மருமகள் பயப்படுவதை நான் குறை சொல்லமாட்டேன். 2004 டிசம்பர் 26 ஞாயிறு. அதுவும் மார்கழிப் பௌர்ணமிதான். அதனால்தான் நம் ஆட்களுக்கு இந்தப் பௌர்ணமி வந்தாலே அடிவயிறு கலங்குகிறது. ஆனால் அன்று நடந்ததற்கும் நிலவுக்கும் சம்பந்தம் இல்லை. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. நம் தீவு இலங்கையின் மறைவில் கிடந்ததால் நாகப்பட்டினம் பட்ட பாட்டைப் படவில்லை. அவளிடம் இதைச் சொல்: வற்றம் என்றால் தண்ணீர் ஏறக்குறைய ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கும், நின்று வேடிக்கை பார்க்கலாம். சில நிமிடங்களில் உறிஞ்சியதுபோலப் போனால் வேடிக்கை பார்க்காதே, செருப்பைக்கூட எடுக்காமல் மேட்டுக்கு ஓடு. 2007இலிருந்து ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் ஒன்று இயங்குகிறது. கடலடியில் பெரிய நடுக்கம் வந்தால் அங்கிருந்து செய்தி வந்துவிடும். நீங்கள் அந்த வீடியோவை அனுப்பியவரை நம்புவதைவிட அந்த மையத்தை நம்பலாம்.

இனி இந்தப் பருவத்துக் கடலைப் பற்றி. கோயம்புத்தூரில் முப்பத்தைந்து வருடம் இருந்தவனுக்கு மறந்திருக்கும். தனுஷ்கோடியில் சுற்றுலா வருபவர்களிடம் வேன்காரர்கள் சொல்வது நினைவிருக்கிறதா? இந்தப் பக்கம் பெண் கடல், அமைதியாக இருக்கும். அந்தப் பக்கம் ஆண் கடல், சீறும் என்று. அந்தப் பேச்சு தென்காற்றான சோழகம் அடிக்கும் ஆனி, ஆடிக்குத்தான் பொருந்தும். மார்கழியில் வந்து பார்த்தால் அந்தப் பெண் கடலான பாக் நீரிணைதான், நம் வடகடல்தான், தலைவிரித்து ஆடுகிறது. ஆழமில்லாத கடல் அல்லவா, பெரும்பாலான இடத்தில் பதின்மூன்று மீட்டருக்குள்தான். அதன்மேல் வாடை விழுந்தால் நெடிய அலை எழும்பாது. குட்டையாக, நெருக்கமாக, செங்குத்தாக ஒன்றன்மேல் ஒன்று வந்து மோதும். வள்ளம் ஒன்றைத் தாண்டி மூச்சு விடுவதற்குள் அடுத்தது. அதே நாளில் தீவின் தென்கரை கண்ணாடிபோலக் கிடக்கும். கரைவலைக்காரர்களும் நாட்டுப்படகுக்காரர்களும் இப்போது தென்பக்கம் வந்துவிட்டார்கள். பங்குனி, சித்திரைக்கு மேல்தான் வடபக்கம் திரும்புவார்கள். தெருவில் ஓர் ஓரத்து வீட்டைப் பூட்டிவிட்டு மறு ஓரத்து வீட்டைத் திறப்பதுபோல.

பாலத்தடியில் நின்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். வாடைக் காலத்தில் நீவாடு, அதாவது கடலின் நீரோட்டம், வடக்கிலிருந்து தெற்கே ஓடும், சோழகக் காலத்தில் தெற்கிலிருந்து வடக்கே. பழைய பாலத்தின் தூண்களுக்கு வடக்கே தண்ணீர் முட்டிக் குவிவதும் தெற்கே சுழித்துக் கிழிவதும் நேற்று அப்பட்டமாகத் தெரிந்தது. 1914இல் திறந்த பாலம், பாவம், இப்போது ரயில் இல்லாமல் நிற்கிறது. புதிய பாலத்தைப் போன ஏப்ரலில் திறந்தார்கள். நடுப்பகுதி அப்படியே மேலே தூக்கிக்கொள்கிறது. உன் பேரன்களுக்குப் பிடிக்கும். எனக்கு இரண்டு கையையும் விரிக்கும் பழையதுதான் அழகு. வயதானவனின் பிடிவாதம் என்று வைத்துக்கொள்.

தென்கரை கண்ணாடிபோலக் கிடக்கிறது என்றேன் அல்லவா, அதில்தான் ஆபத்தும் இருக்கிறது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே உள்ள இடுக்கில் புகுந்து வரும் வாடை, மன்னார் வளைகுடாவில் வேகம் எடுக்கிறது. கரையோரம் நிலம் மறைப்பதால் அலை எழும்புவதில்லை. சில மைல் போனபிறகுதான் காற்று தன் கையைக் காட்டும். வானிலை அறிக்கையில் தினமும் வருமே, மன்னார் வளைகுடா, குமரிக்கடல் பகுதிகளில் மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 55 கிலோமீட்டர் வேகத்திலும் சூறாவளிக்காற்று வீசக்கூடும் என்று. நீயும் நானும் கேட்டுக் கேட்டுப் பழகி, சினிமாவுக்கு முன் போடும் விளம்பரம்போல அதைக் காதில் வாங்குவதே இல்லை. போன மாதம் என் தங்கை மகன் அப்படித்தான் போனான். கரையில் இலை அசையவில்லை. வெளியே இயந்திரம் நின்றுவிட்டது. சோழகக் காலமாக இருந்திருந்தால் காற்றே கரைக்குத் தள்ளிவிடும். வாடையில் அது கரையைவிட்டுத் தெற்கே தள்ளிக்கொண்டே போகும். நங்கூரம் போட்டால் பிடிக்கும் ஆழத்தைத் தாண்டிவிட்டான். இரவு முழுக்கக் கைவிளக்கை ஆட்டிக்கொண்டிருந்தவனை விடியற்காலையில் இன்னொரு வள்ளம் கண்டு கட்டியிழுத்து வந்தது. வந்தவன் முதலில் கேட்டது சுக்குக் காப்பி. என் தங்கை காப்பியைக் கொடுத்துவிட்டு அறைந்தாள்.

நவம்பர் கடைசியில் டிட்வா வந்தபோது நீ போன் செய்தாய், நான் எடுக்கவில்லை என்று கோபித்திருக்கிறாய். மின்சாரம் இல்லை, அவ்வளவுதான். இலங்கையைப் புரட்டிப் போட்ட புயல் அது. நமக்கு மழையும் காற்றும்தான். புயல் கூண்டு ஏற்றிய நாட்களில் மீன்துறை கடலுக்குப் போக டோக்கன் கொடுக்காது, விசைப்படகுகள் நகராது, சந்தையில் ஐஸ் மீன்தான். எண் எத்தனை என்று தெருவில் விசாரித்துக்கொள்வோம், மாணவர்கள் மதிப்பெண் விசாரிப்பதுபோல. ஒன்றும் இரண்டும் தொலைதூர எச்சரிக்கை. மூன்றுக்குத்தான் இங்கே முகம் மாறும். என் அம்மா இருந்தவரை எண்ணை நம்பவே மாட்டாள். 1964 டிசம்பர் 22 இரவை இந்தக் கரையில் கழித்தவள். அப்போது எனக்கு மூன்று வயது. பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள் அது. ஏற்றம் இன்னும் முழுதாக அடங்கவில்லை, அதன்மேல் புயல் வந்து ஆழமில்லாத கடலை அள்ளித் தனுஷ்கோடியின்மேல் கொட்டியது. மார்கழி ஏற்றத்தில் வாடையும் உரத்தால் அம்மா அரிசிப் பானையைப் பரண்மேல் ஏற்றிவிடுவாள். கேலி செய்வேன். இப்போது என் வீட்டில் பத்திரங்கள் பரண்மேல்தான் இருக்கின்றன.

வரும் வழிக்கு வருவோம். தை அமாவாசை ஜனவரி 18, ஞாயிறு. அன்று நிலவு இப்போது இருந்த அளவுக்கு அருகில் இராது, ஆகையால் வற்றமும் ஏற்றமும் இவ்வளவு இருக்காது. ஆனால் கூட்டம் அக்னி தீர்த்தத்தில் கடலைவிடப் பெரியது. நீயும் தங்கச்சியும் விடியுமுன் போய் முழுக்குப் போட்டுவிடுங்கள். அது வடகடல் பக்கம், வாடை இருந்தால் தண்ணீர் கலங்கி, தாழைக் குப்பை காலைச் சுற்றும். குழந்தைகளை அங்கே இறக்கவேண்டாம். அவர்களை மறுநாள் குந்துகால் பக்கம் நான் கூட்டிப்போகிறேன். குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகு அந்தப் பக்கம்தான். காற்று இருந்தால் விடமாட்டார்கள், விடாவிட்டால் சண்டை போடாதே, உன்னை எனக்குத் தெரியும். அரிச்சல்முனையில் இரண்டு கடலும் சேரும் இடத்தில் யாரையும் காலை நனைக்க விடக்கூடாது. அங்கே மணல் நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது.

மாசிக்கு மேல் வந்தால் கடல் இரண்டு பக்கமும் அடங்கி இருக்கும் என்று நீ வாதாடலாம். உண்மைதான். அப்போது உனக்குப் பிடித்த ஓரா மீன் இருக்கும், என் முழங்காலும் மடங்கும். ஆனால் பள்ளிக்கூடம் விடுமுறை தராதே.

வரும்போது அந்தப் பழைய மூட்டுவலித் தைலம் இரண்டு புட்டி வாங்கி வா. இங்கே கிடைப்பது வாசனை மட்டும்தான். ரயிலில் வந்தால் பாலம் வந்ததும் வலது பக்க ஜன்னலில் உட்கார். தெற்கே சுழிப்பு தெரியும். குச்சியை அங்கேயே நட்டுவைத்திருக்கிறேன், உன் பேரன்கள் வந்து அளக்கட்டும்.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சுக்காரன்