கோகிலாவுக்குப் பதில்

அன்புள்ள கோகிலா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது, வீடு தேடி அலைகிறான். என் முட்டிவலிதான் போகமாட்டேன் என்கிறது. நிலா மாவட்ட டென்னிஸ் அணியில் சேர்ந்ததை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "இருட்டுமுன்னாடி வீட்டுக்கு வந்துருவாளா?" என்று மட்டும் கேட்டாள்.

நிலாவின் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்க டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங் ஆடிய பழைய ஆட்டங்களில் எங்கு பார்த்தாலும் 'வர்ஜீனியா ஸ்லிம்ஸ்' என்று எழுதியிருக்கிறதே, அது என்ன என்றாளாமே. அது சிகரெட்டடி! பெண்களுக்கென்றே பிலிப் மோரிஸ் கம்பெனி 1968-இல் இறக்கியது.

பெண்களிடம் சிகரெட் விற்ற கதை என்றாலே 1929 ஈஸ்டர் ஞாயிறைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் இளம்பெண்கள் சிலர் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு நடந்தார்கள். 'விடுதலைத் தீப்பந்தங்கள்' என்று அதற்குப் பெயர் வேறு. மறுநாள் பத்திரிகைகளில் செய்தி. பின்னாலிருந்து ஆட்டிவைத்தவர் எட்வர்ட் பெர்னேஸ் என்ற விளம்பர நிபுணர், மனோதத்துவ மேதை ஃபிராய்டின் தங்கை மகன். லக்கி ஸ்ட்ரைக் சிகரெட் விற்ற அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி அவருக்குப் பணம் கொடுத்தது. அழைப்பில் இருந்ததோ ரூத் ஹேல் என்ற பெண்ணுரிமைப் போராளியின் பெயர். ஊர்வலத்தில் முன்னால் நின்ற பெர்த்தா ஹன்ட், பெர்னேஸின் செயலாளர். அதே மனுஷர் வீட்டில் தன் மனைவியின் சிகரெட்டை ஒடித்துப் போடுவாராம், கேட்டாயா!

ஆனால் அது நாடகம். திரையை விலக்கினால் முடிந்தது. டென்னிஸ் கதையை அப்படித் தள்ளிவிட முடியவில்லை.

1970-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு போட்டி. ஆண்களில் ஜெயிப்பவருக்கு 12,500 டாலர், பெண்களில் ஜெயிப்பவருக்கு 1,500. பில்லி ஜீனும் இன்னும் எட்டுப் பேரும் கொதித்துப்போய், ஹூஸ்டனில் தனியாக ஆட முடிவெடுத்தார்கள். டென்னிஸ் பத்திரிகை நடத்திய கிளாடிஸ் ஹெல்ட்மன் என்ற அம்மாள் ஆளுக்கு ஒரு டாலர் ஒப்பந்தம் போட்டார். அமெரிக்க டென்னிஸ் சங்கம் தடை செய்வோம் என்று மிரட்டியது. அந்த நேரத்தில் பணத்தோடு வந்தது யார் தெரியுமா? ஹெல்ட்மனுக்கு வேண்டியவரான ஜோ கல்மன், பிலிப் மோரிஸின் தலைவர். அடுத்த வருஷமே வர்ஜீனியா ஸ்லிம்ஸ் பெயரில் பெண்களுக்கென்று தனித் தொடர் ஓடியது. 1971-இல் பில்லி ஜீன் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தார். அதுவரை எந்த விளையாட்டு வீராங்கனையும் ஒரே வருஷத்தில் அவ்வளவு பார்த்ததில்லை. 1973-இல் அமெரிக்க ஓப்பனில் பரிசுத் தொகை சமமானது. இதெல்லாம் நிஜம், கோகிலா. யாரும் நடித்துக் காட்டியதில்லை.

கம்பெனிக்கு என்ன லாபம் என்று கேள். அமெரிக்காவில் 1971 ஜனவரி 2 முதல் டி.வி.யில் சிகரெட் விளம்பரம் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. விளம்பரம்தான் கூடாது, போட்டியின் பெயரைச் சொல்லக் கூடாதென்று யார் சொன்னது? பத்திரிகை விளம்பரங்களோ இன்னும் சாமர்த்தியம். ஒரு மூலையில் பழுப்பேறிய பழைய படம். திருட்டுத்தனமாகப் புகைத்து மாட்டிக்கொண்ட பாட்டிக் காலத்துப் பெண். பக்கத்தில் இன்றைய பெண், ஒல்லியாக, சிரித்தபடி, கையில் அதைவிட ஒல்லியான சிகரெட். "நீ எவ்வளவோ தூரம் வந்துவிட்டாய், கண்ணே" என்று கொஞ்சல் வேறு. ஓட்டுரிமையும் ஒல்லி இடுப்பும் ஒரே பெட்டியில்!

ஆடிய பெண்கள் மூச்சைக் காப்பாற்றிக்கொண்டு ஓடினார்கள். புகைத்தவர்கள் வேறு பெண்கள். அந்த வருஷங்களில்தான் அங்கே 18 வயதுக்குக் கீழுள்ள பெண்பிள்ளைகள் புதிதாக சிகரெட்டைத் தொடுவது சரசரவென்று ஏறியது. 1987-க்குள் அமெரிக்கப் பெண்களைக் கொல்வதில் நுரையீரல் புற்று மார்பகப் புற்றை முந்திவிட்டது.

உன் வீட்டுக்காரர் "அந்தக் காசை வாங்கியிருக்கவே கூடாது" என்பார். 1,500 டாலரை நீட்டியவர்களிடமும் அவர் இதே கறாராகப் பேசுவாரா? 1970-இல் வாங்கியதை நான் குறை சொல்லமாட்டேன். 1999-இல் பில்லி ஜீன் அதே பிலிப் மோரிஸின் இயக்குநர் குழுவில் போய் உட்கார்ந்தாரே, அதுதான் எனக்குச் செரிக்கவில்லை. அப்போது அவருக்கு என்ன தட்டுப்பாடு? நிலாவிடம் இதையும் மறைக்காமல் சொல். அதற்காக அவள் சுவரில் ஒட்டியிருக்கும் படத்தை நீ போய்க் கிழித்துவிடாதே, அந்த ஒன்பது பேரும் இல்லாவிட்டால் இவளுக்கு மட்டை ஏது என்று எனக்குத் தோன்றுகிறது. நீ என்ன நினைக்கிறாய்?

தை மாதம் வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டதும் தேதியை எழுது. சின்னவனை ஸ்டேஷனுக்கு அனுப்ப முடியாது, நானே ஆட்டோ பிடித்து வருகிறேன்.

அன்புடன்,
சாந்தா