டைட்டில் ஒன் நிதி: நம் பள்ளிக்கு வரும் பணமும் நீங்கள் கேட்க வேண்டிய கணக்கும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

இந்த வாரம் உங்கள் பிள்ளைகளின் பையில் இரண்டு தாள்கள் வரும். கூடுதல் உதவி தேவைப்படும் பள்ளிகளின் பட்டியலில் நம் பள்ளியையும் நியூ ஜெர்சி மாநிலக் கல்வித் துறை சேர்த்திருக்கிறது என்று தெரிவிக்கும் அறிவிப்பு ஒன்று. இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்கான விண்ணப்பம் இன்னொன்று. முதல் தாளைப் பார்த்துப் பலர் கவலைப்படுவீர்கள், இரண்டாவதை நமக்குத் தேவையில்லை என்று ஓரமாக வைத்துவிடுவீர்கள் என்பது என் கணிப்பு. ஆனால் இரண்டும் டைட்டில் ஒன் என்று நாம் சொல்லும் மத்திய அரசு நிதியோடு பிணைந்தவை. இந்த நிதி பெறும் பள்ளிகள், இயன்றவரை பெற்றோருக்குப் புரியும் மொழியிலேயே செய்திகளைத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே இதைத் தமிழிலேயே விளக்கமாக எழுதுகிறேன்.

இந்த நிதி 1965 ஏப்ரல் 11 அன்று பிறந்தது. அதிபர் லிண்டன் ஜான்சன், டெக்சாசில் தாம் சிறுவனாகப் படித்த ஓரறைப் பள்ளிக்கு அருகே, தமக்கு முதன்முதலில் பாடம் சொல்லித்தந்த ஆசிரியையைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இளவயதில் கொட்டுல்லா என்ற சிற்றூரில் ஏழை மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தவர் அவர். இந்நாட்டில் பள்ளிச் செலவின் பெரும்பகுதியை மாநிலமும் உள்ளூர் சொத்து வரியும்தான் ஏற்கின்றன. வழக்கமான ஆண்டுகளில் மத்திய அரசின் பங்கு ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான். வீட்டு விலை குறைந்த ஊரில் வரி வருவாயும் குறைவு, பள்ளிக்கு வரும் பணமும் குறைவு, பிள்ளைகளின் தேவை மட்டும் அதிகம். அந்தக் குறையை ஓரளவாவது ஈடுசெய்ய வந்ததுதான் அச்சட்டத்தின் முதல் தலைப்பு. 2024 நிதியாண்டில் அதற்கு ஒதுக்கப்பட்டது சுமார் 1,840 கோடி டாலர். நாடு முழுவதற்கும் பகிரும்போது அது பெரிய தொகையன்று. எனினும் நம்மைப் போன்ற பள்ளிக்கு அது இல்லாமல் முடியாது.

ஏன் முடியாது என்பதை ஒரு காட்சியால் சொல்கிறேன். நூலகத்தை ஒட்டிய சிறிய அறையில் தினமும் காலையில் ஐந்து பிள்ளைகள் வாசிப்பு ஆசிரியையோடு ஒரு மேசையைச் சுற்றி உட்கார்கிறார்கள். சென்ற மாதம் நான் அங்கே இருந்தபோது மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நத்தையைப் பற்றிய ஒரு பக்கத்தை ஆங்கிலத்தில் ஒரு பிழையும் இல்லாமல் கடகடவென்று வாசித்தாள். “நத்தை ஏன் ஓட்டுக்குள் போனது?” என்று ஆசிரியை கேட்டார். பதில் இல்லை. ஆசிரியை கோபப்படவில்லை, பதிலை எடுத்துக் கொடுக்கவும் இல்லை. இரண்டாவது வரியில் விரலை வைத்து அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்ப வாசிக்கச் சொன்னார், வெயிலைக் குறிக்கும் சொல்லை அவளே கண்டுபிடிக்கும்வரை காத்திருந்தார். முழு வகுப்பையும் ஒருசேர நடத்தும் ஆசிரியருக்கு இப்படிக் காத்திருக்க நேரம் கிடைக்காது. “வீட்டில் நன்றாக வாசிக்கிறாளே, தேர்வில் ஏன் மதிப்பெண் இல்லை?” என்று உங்களில் பலர் என்னிடம் கேட்டதுண்டு. ஒலித்து வாசிப்பது வேறு, பொருள் அறிந்து வாசிப்பது வேறு. இரண்டுக்கும் இடையிலான தூரத்தை அந்த மேசையில்தான் கடக்க வைக்கிறோம். அந்த ஆசிரியையின் சம்பளம் டைட்டில் ஒன் நிதியிலிருந்து வருகிறது.

இனி, உணவு விண்ணப்பம். ஐந்து முதல் பதினேழு வயதுவரை உள்ள ஏழைப் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற மக்கள்தொகைக் கணிப்புத் துறையின் மதிப்பீடே, ஒவ்வொரு பள்ளி மாவட்டத்துக்கும் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்புக்கு) எவ்வளவு நிதி என்பதற்குப் பெரும்பாலும் அடிப்படை. மாவட்டம் அதைத் தன் பள்ளிகளுக்குப் பிரிக்கும்போது, நம் மாவட்டம் உட்படப் பல மாவட்டங்கள், மதிய உணவு விண்ணப்பங்களிலிருந்து கிடைக்கும் எண்ணிக்கையைப் பயன்படுத்துகின்றன. பள்ளியில் 40 விழுக்காடு பிள்ளைகளாவது குறைந்த வருமானக் குடும்பத்தினர் என்றால், அந்த நிதியைப் பள்ளி முழுவதற்குமான திட்டமாகச் செலவிடவும் வழி உண்டு. ஆகவே தகுதியுள்ள ஒரு குடும்பம் “நம் பிள்ளைக்கு வீட்டிலிருந்தே தயிர்சாதம் கொடுத்தனுப்புகிறோமே, இந்தத் தாள் எதற்கு?” என்று விண்ணப்பத்தை விட்டுவிட்டால், இழப்பு பள்ளி முழுவதற்கும் வந்து சேருகிறது. உங்கள் பிள்ளை பள்ளி உணவைச் சாப்பிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதை இலவசத்துக்குக் கையேந்துவதாக நினைத்துக் கூச்சப்படும் குடும்பங்களை நான் அறிவேன். நிதியைப் பகிரும் கணக்கில் நம் பள்ளியின் உண்மை நிலை விடுபடாமல் இருக்க நீங்கள் தரும் தகவலாக மட்டும் இதைக் கருதுங்கள். அந்தப் படிவம் உங்கள் விசா நிலையைக் கேட்பதில்லை. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவர்கள் அதற்குரிய கட்டத்தில் குறியிட்டால் போதும்.

பணம் வந்தால் கணக்கும் வர வேண்டும். தொடக்க ஆண்டுகளில் ஏழைப் பிள்ளைகளுக்கென வந்த பணத்தைச் சில மாவட்டங்கள் பொதுச் செலவுகளுக்குத் திருப்பிவிட்டன. 1969இல் வெளியான ஓர் ஆய்வு அதை அம்பலப்படுத்தியது. அதன் பிறகு வலுப்பெற்ற விதி இன்றும் நம்மைக் காக்கிறது: மத்திய நிதி, ஏற்கெனவே கிடைக்க வேண்டியதன் மேல் கூடுதலாகச் சேர வேண்டும், அதற்கு மாற்றாக அமையக் கூடாது. டைட்டில் ஒன் வருகிறது என்பதைக் காரணம் காட்டி மாவட்டம் தன் சொந்தப் பணத்தில் நமக்குரிய பங்கைக் குறைக்க முடியாது. நிதிக்கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்று நான் கருதுகிறேன்.

கற்றலுக்கான பொறுப்பு பின்னால் வந்தது. 1965ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி 2002 ஜனவரி 8 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டம், மூன்று முதல் எட்டாம் வகுப்புவரை ஒவ்வோர் ஆண்டும், உயர்நிலைப் பள்ளியில் ஒரு முறையும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு நடத்தச் சொன்னது. 2014க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்றது. அந்த இலக்கை எட்ட இயலவில்லை, பல பள்ளிகள் தேர்வுக்கு மட்டுமே கற்பிக்கத் தொடங்கின. அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. ஆனால் அந்தச் சட்டத்தின் ஒரு கூறைக் கைவிடக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன்: ஏழைப் பிள்ளைகள், மாற்றுத்திறன் பிள்ளைகள், ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகள், ஒவ்வோர் இனப் பிரிவினர் ஆகியோரின் முடிவுகளைத் தனித்தனியே வெளியிட வேண்டும் என்பதே அது. பள்ளியின் சராசரி நன்றாக இருந்தால் யாரும் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. அந்தச் சராசரிக்குள் ஒரு கூட்டம் பிள்ளைகள் ஆண்டுக்கணக்காகப் பின்தங்கியிருந்தாலும் தெரிவதில்லை.

அதையும் மாற்றி 2015 டிசம்பர் 10 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட இன்றைய சட்டம் தேர்வுகளையும் இந்தப் பிரிவுக் கணக்கையும் தக்கவைத்துக்கொண்டு, என்ன செய்வது என்ற முடிவைப் பெருமளவு மாநிலங்களிடம் விட்டது. டைட்டில் ஒன் பள்ளிகளில் கடைசி 5 விழுக்காட்டையேனும் மாநிலம் இனங்கண்டு முழுமையான சீரமைப்புக்கு உட்படுத்த வேண்டும். நம் பள்ளி அந்தப் பட்டியலில் இல்லை. நம் பள்ளியில் ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகள் பிரிவின் முன்னேற்றம் போதவில்லை என்பதற்காக, அந்தப் பிரிவுக்கான உதவிப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறோம். இதனால் பள்ளி மூடப்படாது, உங்கள் பிள்ளையின் சான்றிதழில் எந்தக் குறியும் வராது. நாம் ஒரு முன்னேற்றத் திட்டம் எழுத வேண்டும், அதை மாவட்டம் ஏற்றுக் கண்காணிக்க வேண்டும், பெற்றோரையும் சேர்த்துக்கொண்டே அது எழுதப்பட வேண்டும். அந்தப் பிரிவில் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இரண்டு விஷயங்கள் உங்கள் கையில் உள்ளன. தேர்வு நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளாதீர்கள். தேர்வெழுதுவோர் 95 விழுக்காட்டுக்குக் கீழே போனால், அந்தக் குறைவு பள்ளியின் தேர்ச்சிக் கணக்கிலேயே கழிகிறது. அடுத்தது வருகை. பள்ளி நாட்களில் 10 விழுக்காடு, அதாவது 180 நாட்களில் 18, வராத பிள்ளையை நம் மாநிலம் நீடித்து வராதவர் என்று கணக்கிடுகிறது. பள்ளியின் மதிப்பீட்டில் அதுவும் ஓர் அளவுகோல். டிசம்பர் விடுமுறையோடு ஜனவரியையும் சேர்த்து ஊருக்குப் போய்ப் பொங்கல் முடித்துத் திரும்பினால், ஒரே பயணத்தில் அந்த எல்லைக்கு அருகில் வந்துவிடுகிறோம். தாத்தா பாட்டியைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. முடிந்தவரை கோடை விடுமுறையில் போய்வாருங்கள். முடியாத நிலை வந்தால் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இந்தச் சட்டம் உங்களுக்குத் தரும் உரிமைகளையும் பயன்படுத்துங்கள். உங்கள் பிள்ளையின் வகுப்பாசிரியருடைய தகுதி என்ன என்று கேட்கலாம். மாநிலச் சான்றிதழ்த் தகுதி இல்லாதவர் தொடர்ந்து நான்கு வாரங்களோ அதற்கு மேலோ பாடம் நடத்தினால் பள்ளியே உங்களுக்குத் தெரிவித்தாக வேண்டும். பள்ளியும் பெற்றோரும் செய்துகொள்ளும் உடன்பாட்டை உங்களோடு சேர்ந்துதான் எழுத வேண்டும். அதைப் படிக்காமல் கையெழுத்திட்டு அனுப்பாதீர்கள். பிடிக்காத வரியை அடித்துவிட்டு மாற்று வரியை எழுதி அனுப்புங்கள். 5,00,000 டாலருக்கு மேல் பெறும் மாவட்டம் அதில் ஒரு விழுக்காட்டையாவது பெற்றோர் பங்கேற்புக்கு ஒதுக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர், மாலைக் கூட்டத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் போன்ற உதவிகளை அதிலிருந்து கேட்டுப் பெறலாம்.

டைட்டில் ஒன் ஆண்டுக் கூட்டத்தின் நாளும் நேரமும் இத்துடன் உள்ள தாளில் இருக்கின்றன. பணி நேரம் இடிப்பவர்களுக்காகக் காலையிலும் மாலையிலுமாக இரு முறை நடத்துகிறோம். இரண்டிலும் தமிழில் விளக்கம் உண்டு. முன்னேற்றத் திட்டத்தின் வரைவும் செலவுக் கணக்கும் மேசைமேல் இருக்கும். விண்ணப்பத்தை நிரப்ப உதவி வேண்டுவோர் அலுவலகத்தில் கேட்டால் உடனிருந்து நிரப்பித் தருவோம். அதைக் கூட்ட நாளுக்குள் சேர்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்