மழை நாளில் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதறேன். போன வாரம் அந்த மழையில எர்ணாவூர்ல இருந்து ராயபுரத்துக்கு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல, ஸ்கூட்டர்ல டிரெய்லர் லாரிங்க நடுவுல புகுந்து புகுந்து அரை மணிக்குள்ள வந்துட்டேன்னு அம்மாகிட்ட சொன்னியாம். கேட்டதுல இருந்து மனசு ஆறல. போன்ல சொன்னா "சரிப்பா, சரிப்பா"ன்னு வச்சிடுவ. எழுதினா ரெண்டு தடவையாவது படிப்ப.

டிரெய்லர் ஓட்டறவனா சொல்றேன், கேட்டுக்கோ. கேபின்ல உட்கார்ந்தா கிளீனர் சைடு, அதாவது இடது பக்கக் கதவுக்குக் கீழ நிக்கற ஸ்கூட்டர் எங்க கண்ணுக்குத் தெரியவே தெரியாது. நேர் முன்னாடி பம்பரை ஒட்டி நின்னாலும் அதே கதைதான். மழைன்னா இன்னும் மோசம். கண்ணாடியை ஏத்தி விட்டிருப்போம், உள்ள ஆவி படிஞ்சிருக்கும், சைடு மிரர் முழுக்கத் தண்ணித் துளி. பின்னாடி வர்ற ஹெட்லைட் மிரர்ல வெறும் வெளிச்சமாத் தெரியுமே தவிர, அது பக்கத்துல இருக்கா தூரத்துல இருக்கான்னு புரியாது. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ: மிரர்ல டிரைவர் முகம் உனக்குத் தெரியலன்னா, நீயும் அவனுக்குத் தெரியல.

இடது பக்கம் திரும்பற டிரெய்லர் முதல்ல வலது பக்கம் ஒதுங்கும். உடனே இடது பக்கம் வழி கிடைச்சுதுன்னு டூவீலர்காரங்க உள்ள நுழைவாங்க. அப்படி நுழையவே கூடாது. 40 அடி கன்டெய்னர் பெட்டி ஏத்தின டிரெய்லர் திரும்பும்போது, குதிரை (அதை இழுக்கற முன்வண்டி) போன தடத்துல பின்சக்கரம் போகாது. உள்பக்கமா வெட்டிக்கிட்டு, பிளாட்பாரத்தை ஒட்டி வரும். அந்தச் சந்துல ஸ்கூட்டர் இருந்தா பின்வாங்கக்கூட இடம் கிடைக்காது. இண்டிகேட்டர் எரியலன்னாலும் முன்சக்கரம் எந்தப் பக்கம் மடியுதுன்னு பாரு. அது பொய் சொல்லாது.

லோடு ஏத்தின வண்டியைப் பார்த்தாத்தான் எல்லாரும் பயப்படறாங்க. ஈர ரோட்ல காலி டிரெய்லர்தான் அதைவிட ஆபத்து. பின்னாடி கனம் இல்லாததால டயர் ரோட்டை அழுத்திப் பிடிக்காது. வேகமா பிரேக் அடிச்சா சக்கரம் அப்படியே லாக் ஆகி, பின்பக்கம் மொத்தமும் பக்கவாட்டுல இழுத்துக்கிட்டு வரும். இதுல ஏர் பிரேக் வேற, மிதிச்ச அடுத்த நொடியே பிடிக்காது. காத்து பின்சக்கரம் வரைக்கும் போய்ச் சேரணும். அதனால டிரெய்லரை ஓவர்டேக் பண்ணின உடனே அதுக்கு முன்னாடி வந்து பிரேக் பிடிக்கற பழக்கத்தை இன்னையோட விட்டுடும்மா.

இப்ப உன் வண்டிக்கு வர்றேன். பிரேக் நல்லா இருக்குன்னு நீ சொல்லுவ. பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும், வண்டியை நிறுத்தறது டயர். மணிக்கு 60ல போனா ஒரு நொடியில கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிடுவ. எதிர்ல எதையோ பார்த்து, கை லீவரை அழுத்தறதுக்குள்ள அந்த 17 மீட்டர் போயிடும். காஞ்ச ரோட்ல அதுக்கு மேல ஒரு 20 மீட்டர்ல நின்னுடலாம். ஈர ரோட்ல 35 மீட்டர் ஆயிடும். மொத்தம் 52. அதே ஈர ரோட்ல 40ல வந்தா எல்லாம் சேர்த்து 27 மீட்டர்தான். இது டயர் நல்லா இருந்தா வர்ற கணக்கு.

உன் பின் டயர் நடுவுல மொழுக்கையா இருக்கறதை தீபாவளிக்கு வந்தப்பவே பார்த்தேன். டயர் பக்கவாட்டுல சின்னதா முக்கோணக் குறி இருக்கும். அதுக்கு நேரா காடிக்குள்ள, அதாவது டயர் ரப்பர்ல வெட்டின பள்ளத்துக்குள்ள, ஒரு மேடு தெரியும். ரப்பர் தேஞ்சு அந்த மேட்டுக்குச் சமமா வந்துட்டா டயர் ஆயுசு முடிஞ்சுது. டூவீலருக்குச் சட்டப்படி 0.8 மில்லிமீட்டர் காடி இருந்தாப் போதும்னு வச்சிருக்காங்க. என்னைக் கேட்டா மழைக்காலத்துல அது பத்தாது, 2 மில்லிமீட்டருக்குக் கீழ வந்ததுமே மாத்திடணும். தண்ணி வெளிய போற வழியே அந்தக் காடிதான். டயர் தேதியையும் பாரு. நாலு இலக்க எண் இருக்கும். 2319னா 2019ம் வருஷம் 23வது வாரம் செஞ்சது. காடி எவ்வளவு இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிப்போய் ரோட்டைப் பிடிக்காது. மழைன்னு காத்தைக் குறைக்கச் சொல்றவங்க பேச்சைக் கேட்காதே. வண்டி ஸ்டிக்கர்ல போட்டிருக்கற அளவுதான் மழைக்கும் வெயிலுக்கும்.

பெரிய மழையைவிட, தூற ஆரம்பிச்ச முதல் கால் மணி நேரம் கவனமா இரு. டீசல், ஆயில், டயர்த் தூள், நிலக்கரி வண்டி சிந்தின கரின்னு நம்ம ரோட்ல படிஞ்சு கிடக்கறது எல்லாம் அப்பத்தான் வழவழன்னு ஆகும். நல்லா பெஞ்சா கொஞ்சம் கழுவிட்டுப் போயிடும். லாரிங்க திரும்பற வளைவுல டேங்க் மூடி வழியா டீசல் வழிஞ்சிருக்கும். தண்ணி மேல வானவில் மாதிரி பளபளன்னு தெரிஞ்சா அங்க பிரேக்கும் வேண்டாம், ஆக்சிலேட்டரும் வேண்டாம், ஹேண்டிலை நேரா பிடிச்சு உருட்டிட்டுப் போயிடு. வெள்ளைக் கோடு, மேன்ஹோல் மூடி, மேம்பாலத்து இரும்புப் பட்டை எல்லாத்துக்கும் இதே மாதிரிதான். ரயில்வே கேட்ல தண்டவாளத்தைச் சாய்வாக் கடக்காதே, நேர் குறுக்கா கட.

பிரேக்கை வெடுக்குன்னு பிடிக்காதே. 2019 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த 125 சிசி வரைக்கும் உள்ள ஸ்கூட்டர்ல இடது லீவரைப் பிடிச்சாலே ரெண்டு சக்கரத்துக்கும் சேர்ந்து பிடிக்கும். ஆனா அது சக்கரம் லாக் ஆகறதைத் தடுக்காது, அது ஏபிஎஸ் இல்ல. தண்ணியில இறங்கி ஏறினா டிரம் பிரேக் சரியாப் பிடிக்காது. மெதுவா ஓட்டிக்கிட்டே லேசா லீவரை அழுத்தி அழுத்தி விடு, அந்தச் சூட்டுல காஞ்சுடும்.

நீ தெற்கே வரும்போது கடல் இடது கைப்பக்கம். டிரெய்லரை ஒட்டி வர்ற வரைக்கும் அது காத்தை மறைக்கும். கேபினைத் தாண்டினதும் கடல் காத்து ஒரேயடியா அறைஞ்சு உன்னை வலது பக்கம் தள்ளும். புயல் நேரத்துல அலை தூக்கிப் போட்ட மணலும் கல்லும் ரோட்லயே கிடக்கும். அந்த மாதிரி நாள்ல அந்த ரோடே வேண்டாம். கத்திவாக்கத்துல கடற்கரை மின்சார ரயில் ஏறினா ராயபுரத்துலயே இறங்கிக்கலாம். இல்லன்னா விம்கோ நகர்ல மெட்ரோ இருக்கு. வானிலை ஆபீஸ்ல ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்தா ஒரே நாள்ல 12ல இருந்து 20 சென்டிமீட்டர் வரைக்கும் பெய்யலாம்னு அர்த்தம். சிவப்புன்னா அதுக்கும் மேல. சிவப்புக்கு லீவு போடு. சம்பளம் பிடிச்சா பிடிக்கட்டும்.

வியாசர்பாடி பக்கம் போக வேண்டி வந்தா கணேசபுரம் சுரங்கப்பாதையை நம்பாதே. தடுப்புக் கட்டை போட்டிருந்தா யார் தாண்டிப் போனாலும் நீ போகாதே. மேல இருந்து பார்த்தா ஆழம் தெரியாது. தெருவுல தேங்கின தண்ணியும் அப்படித்தான், கால்வாய்க்குத் தோண்டின பள்ளம் அடியில இருக்கலாம். சைலன்சர் முனை முங்கற அளவு தண்ணி இருந்தா இறங்காதே. நடுவுல வண்டி நின்னுட்டா செல்ஃப் போடவே கூடாது. சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருந்தா பிஸ்டனால அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். அப்படிப் போன இன்ஜினுக்குச் சாதாரண இன்சூரன்ஸ்ல பெரும்பாலும் காசு வராது. தள்ளிட்டுப் போய் மெக்கானிக்கிட்ட விடு. ஆயில் பால் டீ நிறத்துல இருந்தா தண்ணி கலந்திருக்கு, ஆயிலை மாத்தாம ஸ்டார்ட் பண்ணவே விடாதே.

மின்வாரியப் பெட்டி தண்ணியில நின்னா அது பக்கம் போகாதே. அறுந்த கம்பியைப் பார்த்தா மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987ல சொல்லு. தண்ணி தேங்கி நின்னா மாநகராட்சிக்கு 1913.

உன் பறக்கற ரெயின்கோட்டைத் தூக்கிப் போடு, சக்கரத்துல சுத்திக்கும். சட்டை பேண்ட் மாதிரி தனித்தனியா வர்றதை வாங்கு, மஞ்சள் கலர்ல. ஹெல்மெட்ல கறுப்பு வைசர் ராத்திரிக்கு வேண்டாம்.

ஞாயித்துக்கிழமை வண்டியை இங்க எடுத்துட்டு வா, பின் டயரை மாத்திடலாம். காசு நான் தர்றேன். நீ தனியா கடைக்குப் போகாதே, பழைய ஸ்டாக்கைத் தலையில கட்டிடுவாங்க. தேதி பார்த்துத்தான் மாட்டணும். அதுவரைக்கும் ரயில்லயே போய் வா.

இப்படிக்கு,
அப்பா