சிரிப்பைத் திருத்தும்போது: இதழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கவிதை, குறுங்கதை இதழ்களின் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நகைச்சுவைக் கவிதைகளை நீங்கள் ஒதுக்கிவிடுவதில்லை. பக்கத்தின் அடியில் இடம் மிஞ்சினால் பெட்டி கட்டிப் போடுகிறீர்கள். அதைவிட எங்களுக்கு வலிப்பது, சோகக் கவிதையைத் திருத்தும் அதே பேனாவால் இவற்றையும் திருத்துவதுதான்.

இந்த மூன்று வரிகளைப் பாருங்கள்:

நேரம் தவறாத மனிதர்.
கைக்கடிகாரம் நின்று
நாலு வருஷம்.

இதை முழு வாக்கியமாக்குகிறேன் என்று, 'நேரம் தவறாத அந்த மனிதர் நான்கு வருடங்களாக ஓடாத கைக்கடிகாரத்தைக் கட்டியிருக்கிறார்' என மாற்றினால் இலக்கணம் நிற்கும், சிரிப்பு போய்விடும். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில் வந்து உட்காரும். வெடிக்க வேண்டிய சொல் நடுவில் மாட்டிக்கொள்ள, 'கட்டியிருக்கிறார்' என்று சப்பென்று முடிகிறது. வினையை விழுங்கியோ முன்னே தள்ளியோ அந்தச் சொல்லைக் கடைசிக்குக் கொண்டுவந்ததுதான் எழுதியவர் செய்த வேலை. அதைக் கலைக்காதீர்கள். 'நாலு வருஷம்' என்பதையும் 'நான்கு வருடங்கள்' ஆக்க வேண்டாம்; சட்டென்று விழ வேண்டிய அடி இழுபடும். 'நின்ற கடிகாரம்' என்று தலைப்பு வைத்தால் பின்னிரண்டு வரிகளுக்கும் வேலையே இல்லை. ஆச்சரியக்குறியோ, சிரிக்கச் சொல்லி வாசகரின் விலாவில் இடிப்பது.

மனித இயல்பைக் கிண்டலடிக்கும் ஜப்பானிய மூவரி வடிவமான சென்ரியுவில் எழுதினால், மூன்று வரிகளிலும் முறையே 5-7-5 எழுத்து இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துத் திருப்பி அனுப்புகிறீர்கள். கராய் சென்ரியு (1718–1790) என்பவரின் பெயரால் வழங்கும் அந்த வடிவம் ஜப்பானிய ஒலியளவில் எண்ணப்படுவது. வேற்றுமை உருபும் விகுதியும் ஒட்டி நீளும் தமிழ்ச் சொற்களில் 17 எழுத்துக்குள் நாலைந்து சொல்தான் அடங்கும். கணக்குக்காகத் திணித்த 'ஓர்', 'அந்த', 'தான்' எல்லாம் சிரிப்பின் கூர்மையை மழுக்கிவிடுகின்றன. மூன்று குட்டை வரி போதும்.

இனி உரைநடை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உணர்ச்சி வெளிப்பாடுகளில், நகையைத்தான் முதலில் வைக்கிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என அது பிறக்கும் இடங்கள் நான்கு. நீங்கள் வெளியிடுபவற்றில் பெரும்பகுதி எள்ளல் மட்டுமே. யாரையாவது குத்தினால்தான் நகைச்சுவை என்றாகிவிட்டது. கிறுக்குத்தனமான குறுங்கதைக்கு உயிர் மடனில் இருக்கிறது. 'கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை' என்று உரைமரபு அதை விளக்குகிறது: சொன்னதை நம்பிவிடுவது, நம்பியதை விடாமல் பிடித்துக்கொள்வது.

ஒரு நாற்காலி லீவு கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தச் செய்தி முதல் வாக்கியத்திலேயே, தாமதித்தால் இரண்டாவதில், வந்துவிட வேண்டும். அதன்பிறகு கதைசொல்லி வியக்கக் கூடாது. விண்ணப்பத்தில் யார் கையெழுத்துப் போடுவது, அதுவரை மேலாளர் எதில் உட்காருவார், மருத்துவ விடுப்புக்குச் சான்று எங்கே என்று ஆபீஸ் விதிப்படியே போக வேண்டும். மூன்றாம் பத்தியில் மேசையும் பேச ஆரம்பித்தால் கதை சரிந்துவிடும். எதுவும் நடக்கலாம் என்றானபின் எதிர்பார்க்க ஒன்றுமில்லை. 'விறுவிறுப்புக்கு இன்னொரு திருப்பம் சேருங்கள்' என்று நீங்கள் கேட்கும்போது இந்தச் சரிவைத்தான் கேட்கிறீர்கள். இது கனவுதான் என்று முடிக்கச் சொல்வது இன்னும் மோசம். பிடித்ததை விட்டுவிட்டால் மடன் ஏது?

முடிவாக இரண்டு வேண்டுகோள். ஒரு சொல்லை மாற்றினாலும் அச்சேறும் முன் மெய்ப்பை (புரூஃபை) எழுதியவருக்கு அனுப்புங்கள். அதற்குமுன் படைப்பைத் தெரியாத ஒருவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர் கடைசிச் சொல்லுக்கு முன்பே சிரித்தால் வரிகளின் வரிசை தவறு. சிரித்து முடித்தபிறகும் வாசிக்க மிச்சமிருந்தால், அந்த மிச்சத்தை வெட்டலாம்.

அன்புடன்,
குறும்பாக எழுதுகிறவர்கள் சிலர்