காத்துப் பிடித்த எஞ்சின்: ஒரு நன்றி மடல்

உதவிய எல்லாருக்கும்,

போன சனிக்கிழமை ராத்திரி என்னிஸ் ஊரில், டெக்சஸ் மோட்டார்பிளெக்ஸ் டிராக் ரேஸ் தடத்தில் என் கமாரோ கார் நேர்கோட்டில் கால் மைலை 12.3 விநாடியில் கடந்தது. பெருமைப்பட ஒன்றுமில்லை, பக்கத்து லேன்காரர் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் எஞ்சினுக்குள் எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும் ஆயில் பிரஷர் முள் கடைசிவரை 60-க்குக் கீழே இறங்கவில்லை. நாலு மாதமாக என் தூக்கத்தைக் கெடுத்த முள் அது. நேரில் நன்றி சொன்னால் "அட, இதுக்குப் போயி" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் எல்லார் முன்னாலும் எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1989 கமாரோவில் பழைய சில்வராடோ டிரக்கின் 5.3 லிட்டர் வி8 எஞ்சினை ஏற்றியிருந்தேன். டிரக்கின் ஆழமான ஆயில் பான், அதாவது எஞ்சினுக்கடியில் எண்ணெய் தேங்கும் தட்டு, காருக்கடியில் தரை தட்டும். அதனால் கார் பானுக்கு மாறினேன், கூடவே பானிலிருந்து எண்ணெயை உறிஞ்சும் குழாயையும் மாற்றினேன். வீட்டு வாசலில் நிறுத்தி ஓட்டினால் பிரஷர் சுமாராக இருக்கும். டிராக்கில் பச்சை விளக்கு விழுந்து கார் பாய்ந்ததும் முள் சரிந்து 15-க்கு வந்துவிடும். எஞ்சின் நிமிஷத்துக்குச் சுழலும் ஒவ்வொரு ஆயிரம் சுற்றுக்கும் (ஆர்பிஎம்) பத்து பிஎஸ்ஐ அழுத்தம் வேண்டும் என்பது இங்குள்ள பழைய கை கணக்கு. 6,000-இல் 15 என்றால், உள்ளே சுழலும் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்குக்குச் சங்குதான்.

முதல் நன்றி, முள் முதன்முதலில் சரிந்த அன்றைக்கு என் பக்கத்தில் தன் நோவா காரை நிறுத்தியிருந்த பெரியவருக்கு. இரண்டாவது ஓட்டத்துக்கு வரிசையில் நின்ற என்னிடம் வந்து, "தம்பி, சாவியை அணை. இன்னொரு தடவை ஓடினால் உன் எஞ்சின் துண்டுகளை டிராக்கிலிருந்து நாங்கள்தான் பெருக்க வேண்டும்" என்ற பொருளில், இதைவிடக் காரமான ஆங்கிலத்தில் சொன்னார். சென்சார் பொய் சொல்கிறதா என்று பார்க்கத் தன்னிடமிருந்த மெக்கானிக்கல் பிரஷர் கேஜைக் கழற்றிக் கையில் கொடுத்தார். சென்சார் பொய் சொல்லவில்லை.

அப்புறம் நான் செய்த கூத்துகளை யாரும் கேட்கவேண்டாம். கெட்டியான எண்ணெய் மாற்றினேன். ஒரு கடையில் "ஆயில் பம்புதான் போச்சு" என்றார்கள், நம்பி, அதிக அளவு தள்ளும் பம்பு வாங்கி மாட்டினேன். மாட்டும்போது குழாயின் பழைய ரப்பர் வளையத்தையே துடைத்துத் திரும்பப் போட்டேன். நிலைமை இன்னும் மோசமானது.

காருக்குள் வைத்த கேமராப் பதிவை ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பார்த்தது என் மகள். "அப்பா, ஆர்பிஎம் ஏறினதுக்கப்புறம் முள்ளு விழல. வண்டி குதிச்சதுமே விழுது" என்றாள். பேரிங் தேய்ந்திருந்தால் அப்படி விழாது, சூட்டில் மெல்ல மெல்லத்தான் இறங்கும். அவள் சொன்னது சரியான துப்பு. எனக்குத்தான் அன்றைக்கு அது உறைக்கவில்லை.

மெஷின் ஷாப் ஐயா பழைய ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்பு மடிப்பாகக் காகிதத்தை விரித்து, வெயிலில் சாய்த்துக் காட்டினார். காந்தத்தில் ஒட்டாத மெல்லிய மினுமினுப்பு, நெற்றித் திருநீறு உதிர்ந்த மாதிரி. பேரிங்கின் மேற்பூச்சு உரியத் தொடங்கியிருந்தது. எஞ்சினைப் பிரித்தபோது ஒவ்வொரு இடைவெளியையும் அவரே அளந்தார். கிராங்க் தப்பித்தது. பேரிங்குக்கு மட்டும் காசு வாங்கினார், அளந்த கூலியை வாங்கவேயில்லை.

இனி சித்தப்பா. கிணத்துக்கடவுப் பக்கம் நாற்பது வருஷமாகத் தோட்டத்து மோட்டார் பம்பு பார்க்கிறவர். டிராக் ரேஸ் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. தீபாவளி வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டவன் புலம்பினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏங்கண்ணு, பம்பு காத்துப் புடிக்குதா பாத்தியா?" என்றார்.

"பம்பு புதுசுங்க சித்தப்பா."

"பம்பு கெடக்குது. டெலிவரி பக்கம் லீக்குனா தண்ணி வெளிய பீச்சும், குருடனுக்கும் தெரியும். சக்‌ஷன் பக்கம் லீக்குனா ஒரு சொட்டு வெளிய வராது, காத்து உள்ள போகும். பெரிய பம்பு போட்டா காத்தையும் பெருசா இழுக்கும். அந்த ஜாயின்ட்டு மேல எண்ணெய் நிக்கற மாதிரி பண்ணிப் பாரு."

இந்த எஞ்சினில் பம்பு முன்னால் கிராங்கின் மூக்கில் இருக்கிறது, எண்ணெய் தேங்கும் பள்ளமோ பின்னால். இரண்டுக்கும் நடுவே ஓடும் குழாய் பம்போடு சேரும் இடத்தில் ஒரே போல்ட்டு, ஒரே ரப்பர் வளையம். கார் பாயும்போது எண்ணெயெல்லாம் பின்னுக்கு ஓடி, முன்னால் அந்த மூட்டு வெறுமையாக நிற்கும். சித்தப்பா சொன்னபடி ஒன்றரை குவார்ட்டு (கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர்) எண்ணெயைக் கூடுதலாக ஊற்றி, காரின் மூக்கைத் தாழ்த்தி, நின்ற இடத்திலேயே ஐடிலில் ஓட்டினேன். சூடான பிறகு 22-இல் நின்றுகொண்டிருந்த முள் 38-க்கு ஏறியது. கராஜில் தனியாக நின்று கெட்ட வார்த்தையில் சிரித்தேன்.

எஞ்சினை வெளியே எடுக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை தன் கராஜைத் திறந்துவிட்ட இர்விங் ஊர் அண்ணனுக்கும், கிரீஸ் கையோடு உட்கார்ந்த எங்களுக்கு ரசம் சாதம் பிசைந்து உருட்டிப் போட்ட அண்ணிக்கும் நன்றி. அண்ணி, அந்தத் துண்டு இனிமேல் வெள்ளையாகாது, புதுசு வாங்கி வருகிறேன்.

கழற்றிப் பார்த்தால், வளையத்தின் ஒரு ஓரம் நகத்தால் கிள்ளியது போலப் பிய்ந்திருந்தது. ஒரே போல்ட்டை முறுக்கும்போது குழாய் ஒருபக்கம் சாய்ந்து, வளையத்தைக் கடித்திருக்கிறது. வளையத்தின் தடிமனும் அந்தக் குழாய்க்கு ஏற்றதல்ல. சரியான தடிமனில் புது வளையம் வாங்கி, எண்ணெய் தடவி, குழாயைக் கையாலேயே நேராக அமர்த்திய பிறகுதான் போல்ட்டைத் தொட்டேன். மறுபக்கம் சாயாமல் பிடிக்க ஒரு பட்டையும் போட்டாயிற்று. வளையத்தின் விலை ஒரு காபிக் காசுகூட வராது. அதற்கு முன்னால் செலவழித்ததை என் மனைவி படிக்கிற இடத்தில் எழுதப் போவதில்லை.

நோவாக்காரரே, உங்கள் கேஜ் என்னிடம்தான் இருக்கிறது, அடுத்த ஓட்ட நாளில் கொண்டுவருகிறேன்.

சனிக்கிழமை ராத்திரியே சித்தப்பாவைக் கூப்பிட்டேன். அங்கே விடிந்து தோட்டத்தில் இருந்தார்.

"ஓடுச்சா?"

"ஓடுச்சுங்க சித்தப்பா, பிரஷர் எறங்கவே இல்லீங்க."

"எவ்வளவு நேரம் ஓட்டுன?"

"பன்னண்டு விநாடிங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "மணிக்கணக்கா ஓட்டறயாக்கும்னு நெனச்சேன்" என்றார்.