கேஸ் கட்டர் வருவதற்கு முன்: ரயில்வே நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கோட்ட மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் கிளைப் பாதையில், மீட்டர் கேஜ் என்ற குறுகிய பாதைக் காலத்துச் சிறு நிலையத்தை இடிக்கப்போவது தாங்கள் அறிந்ததே. உள்ளிருக்கும் தளவாடங்கள் ஏலப் பட்டியலில் ‘பழைய இரும்பு’ என்று ஒரே வரியில் முடிந்துவிட்டன. வண்டி புறப்பட அனுமதியாக ஓட்டுநரிடம் தரும் இரும்புப் பந்தை வெளியிடும் பந்து டோக்கன் இயந்திரம், பாயிண்டையும் (தண்டவாளம் பிரியும் இடம்) கைகாட்டியையும் இயக்கும் கைப்பிடிகள் வரிசையாக நிற்கும் லீவர் சட்டம், வண்டிப் பதிவேடுகள் ஆகிய மூன்றையும் ஏலத்திலிருந்து விலக்குங்கள் என்று கேட்கிறோம்.

டோக்கன் இயந்திரம் தனியாள் அல்ல; அதன் ஜோடி அடுத்த நிலையத்தில் இருக்கிறது. அங்கிருக்கும் ஸ்டேஷன் மாஸ்டர் பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் இங்கே பந்து வெளிவரும். வந்த பந்து ஏதாவது ஒரு முனையின் இயந்திரத்துக்குள் திரும்பப் போகும்வரை இரண்டு பக்கமும் பூட்டுதான். ஒற்றைப் பாதையில் வண்டிகள் நேருக்கு நேர் மோதாமல் காத்தது இந்தப் பூட்டு. பந்தின் வடிவம் பிரிவுக்குப் பிரிவு (இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதை) மாறும். பக்கத்துப் பிரிவுப் பந்து இதில் நுழையாது. ஜோடியில் ஒன்றை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து மற்றதை எடைக்குப் போட்டால் மிஞ்சுவது இரும்புப் பெட்டி. இரண்டையும் பந்துகளோடு எடுக்க வேண்டும். மணி, ஒயர் முனைகளில் அடையாளச் சீட்டு கட்டிய பிறகே கழற்ற வேண்டும்.

லீவர் சட்டத்தில் கண்ணுக்குத் தெரிவது சிவப்பு, கறுப்பு, நீலக் கைப்பிடிகள். விஷயம் முழுவதும் அடியிலுள்ள பூட்டுத் தட்டில் இருக்கிறது. பாயிண்ட் சரியாக விழாமல் கைகாட்டி இறங்காதபடி தடுத்தது அதுதான். கேஸ் கட்டர் வைத்தால் தட்டு கோணிவிடும். துருப்பிடித்த போல்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒருநாள் ஊறவிட்டால் ஸ்பேனருக்கே இளகும்.

பதிவேடுகளைச் சுவரோரம் அடுக்காதீர்கள், கரையான் ஏறும். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எதற்காக எது காத்து நின்றது என்பதெல்லாம் கைப்பட எழுதிய அந்தத் தாள்களில் மட்டுமே இருக்கிறது.

1911-இல் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்ட மணியாச்சி நிலையம், இன்று வாஞ்சி மணியாச்சி. அது நியாயம். ஆனால் துப்பாக்கி வெடித்த நிலையத்துக்கு மட்டும்தான் வரலாறா? 1992-இல், குறுகிய பாதைகளை அகலப் பாதையாக மாற்றும் ஒரே அகலப் பாதைத் திட்டம் வந்தபின் கிளைப் பாதைகளில் இப்படி எவ்வளவோ எடைக்குப் போய்விட்டது. அகலப் பாதை எங்களுக்கும் வேண்டியதே. அதற்காகப் பழையதைக் கணக்கெடுக்காமலே அழிக்க வேண்டுமா?

கோபத்தில் எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். ஏலத் தேதிக்கு முன் அந்த மூன்றையும் பட்டியலிலிருந்து நீக்கி, எழுத்துமூலம் உறுதி தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கிளைப் பாதைப் பயணிகள்