வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: அரை நாளில் எடுத்த படம் அன்றே கைக்கு வராதது ஏன்?

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தோள்பைக்குள் அடங்கும் கருவிகளோடு ஒரே ஆள் வந்து அரை நாளில் உங்கள் குறும் ஆவணப்படத்தை எடுத்துவிட்டுப் போகிறார். அன்று மாலையே காணொளி கைக்கு வராதது ஏன் என்று பலரும் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். கருவி சிறுத்ததால் மிச்சமானது விளக்குகளைப் பொருத்தி ஆட்களைக் கூட்டும் நேரம் மட்டுமே. 40 நிமிடப் பேட்டியை முழுதாகக் கேட்டுத் தேர்ந்தெடுக்க இன்றும் 40 நிமிடத்துக்குக் குறையாமல் ஆகிறது.

ஆகவே விரைவைப் படப்பிடிப்பிலேயே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதில் நாங்கள் முதலிடம் தருவது ஒலிக்கு. சற்றே இருண்ட ஷாட்டை எடிட்டிங்கில் தேற்றிவிடலாம். எதிரொலியில் மூழ்கிய குரலை மீட்பது பெரும்பாடு. திறந்தவெளியில் மைக் இருமடங்கு தள்ளிப்போனால் குரல் சுமார் 6 டெசிபல் தணிகிறது, சுற்றியுள்ள இரைச்சலோ குறைவதில்லை. கேமராவிலேயே மைக் இருக்கிறதே என்று நீங்கள் சொன்னாலும், வாய்க்கு ஒரு சாண் கீழே காலர் மைக்கைப் பொருத்தி, மின்விசிறியை நிறுத்தச் சொல்வது அதனால்தான். பேட்டி முடிந்ததும் அரை நிமிடம் எல்லோரையும் மௌனமாக இருக்கச் சொல்கிறோம். சிலருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது, அப்போது மறுபடியும் எடுக்கிறோம். அந்த வெற்று அறையின் ஒலிதான், பேச்சை வெட்டி ஒட்டிய இடங்களில் தையல் தெரியாமல் காக்கிறது.

பேசியவர் தம் வேலையைச் செய்யும்போது கைகள், முகம், முழு இடம் என ஒவ்வொன்றையும் கேமராவை அசைக்காமல் பத்து வினாடியாவது எடுக்கிறோம். இவற்றை வைத்து மறைக்காவிட்டால் பேச்சைச் சுருக்கிய ஒவ்வோர் இடத்திலும் முகம் துள்ளுவது பார்ப்பவர் கண்ணில் படும்.

பதிவுகளை இரண்டு இடங்களில் நகலெடுக்காமல் கிளம்புவதில்லை. வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி சேர்கிறது. அதை நகலெடுக்கும் வரை பொறுத்தருள வேண்டும்.

உங்களிடம் நாங்கள் வேண்டுவது இரண்டு. படம் அகலவாக்கில் வேண்டுமா, கைப்பேசிக்கு ஏற்ப நெட்டுவாக்கில் வேண்டுமா என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். அகலவாக்கில் எடுத்ததைப் பின்னர் நெட்டுவாக்கில் வெட்டினால் சட்டகத்தின் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. திருத்தங்களை உங்கள் தரப்பில் ஒருவரே தொகுத்து, எந்த நிமிடம், எந்த வினாடி என்று குறித்து ஒரே முறையாக அனுப்புங்கள். நான்கு பேர் நான்கு நாள்களில் அனுப்பும் திருத்தங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று மறுக்கின்றன, நாங்கள் யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் காணொளித் தயாரிப்புக் குழுவினர்